ஓடிய கிலோமீட்டரும் ஓடப்போகும் கிலோமீட்டரும்

போன மாதம் ஒரு நாள் ராத்திரி ஒன்பதரை மணிக்குத் தங்கையிடமிருந்து போன். அந்த நேரத்தில் கூப்பிடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"அண்ணே, உங்க மாப்பிள்ளைக்கு ஜீப் வாங்கணுமாம். அதுவும் பழைய ஜீப்பு. நீங்க ஒரு எட்டு வந்து பேசுங்க."

"வாங்கட்டுமேம்மா. என்ன விலையாம்?"

"ரெண்டு எண்பது சொல்றாங்க. என் செயினையும் வளையலையும் பேங்க்ல வச்சுத்தான் வாங்கணும். ஜூன்ல பாப்பாவுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டணும்ணே."

அவள் குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. மறுநாளே திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறினேன்.

மாப்பிள்ளை ஊதாரி இல்லை. திண்டுக்கல் டவுனில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறார். சிறுமலையில் அவருடைய அப்பா காலத்தில் வாங்கிய மூன்று ஏக்கர் தோட்டம் இருக்கிறது. எலுமிச்சை, பலா, கொஞ்சம் மிளகு. வாரத்தில் இரண்டு நாள் கடையை ஆளிடம் விட்டுவிட்டு பைக்கில் மலை ஏறுவார். திண்டுக்கல்லிலிருந்து நத்தம் ரோட்டில் போய், சிறுமலைப் பிரிவில் திரும்பி, 18 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் மலைக்கிராமம். சுமார் 25 கிலோமீட்டர். அதுவரை நல்ல தார் ரோடு, பஸ்ஸே போகிறது. அதற்கப்புறம் தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர் மண் பாதை. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தப் பாதையில் பைக் வழுக்கி ஒரு முறை முழங்கையைப் பெயர்த்துக்கொண்டவர் அவர். ஜீப் கேட்பதில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

"மச்சான், போட்டோவப் பாருங்க" என்று செல்போனை நீட்டினார். பச்சை பெயிண்ட் மின்னும் மஹிந்திரா எம்.எம்.540. 1996 மாடல். பிஜோ டீசல் என்ஜின். ஃபோர் வீல் டிரைவ். வத்தலக்குண்டில் ஒரு புரோக்கரிடம் நிற்கிறது. "மீட்டர் வெறும் 46,000 கிலோமீட்டர்தான் காட்டுது மச்சான்!"

பக்கத்தில் ஈஸிசேரில் சாய்ந்திருந்த மாமா, அதாவது மாப்பிள்ளையின் அப்பா, வாயைத் திறக்காமல் சிரித்தார். வயது 74. தாண்டிக்குடிப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் இருபது வருஷத்துக்கு மேல் ஜீப் ஓட்டியவர். அங்கிருந்து காப்பிக் கொட்டை மூட்டைகளைப் பட்டிவீரன்பட்டிக்கு இறக்கியவர்.

"ஞாயித்துக்கிழம நானும் வர்றேன். ஆனா நாம போற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணக் கூடாதுன்னு சொல்லிரு" என்றார்.

மீட்டர் சொல்லாத கதை

1947-ல் மஹிந்திரா நிறுவனம் வில்லீஸ் ஜீப்புகளை பம்பாயில் பொருத்தி விற்க ஆரம்பித்ததிலிருந்து, நம் ஊர் மலைகளுக்கு ஜீப்தான் மாட்டு வண்டியும் ஆம்புலன்ஸும். அதனால் அந்த வண்டியைப் பார்த்ததும் பலருக்குக் கண் தெரிவதில்லை. மாமாவுக்குத் தெரிந்தது.

வத்தலக்குண்டு போய் இறங்கியதும் அவர் முதலில் பானெட்டின் மேல் கையை வைத்துப் பார்த்தார். சூடு இல்லை. "நல்லது. சொன்ன பேச்சக் கேட்டிருக்கான்." என்ஜினை முன்னாலேயே சூடாக்கி வைத்திருந்தால், காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிற வண்டியும் சமர்த்தாக ஸ்டார்ட் ஆகிவிடும். வாங்குகிறவர் பார்க்க வேண்டியது ஆறிக் கிடக்கிற என்ஜினைத்தான்.

மீட்டரைப் பற்றிக் கேட்டேன். "இதுல அஞ்சு நம்பர்தான் தம்பி. 99,999 தாண்டுனா மறுபடி சைபர்லருந்து ஆரம்பிக்கும். இந்த 46,000-க்கு முன்னாடி ஒண்ணு இருக்கா, ரெண்டு இருக்கா, மூணு இருக்கான்னு யாருக்குத் தெரியும்? நடுவுல கேபிள் அறுந்து எத்தன வருஷம் ஓடுச்சோ!"

அதற்குப் பதிலாக அவர் பார்த்தது பெடல்களை. கிளட்ச் பெடலின் ரப்பர் புதுசு, அதன் கீழே இரும்பு தேய்ந்து வழவழவென்று இருந்தது. கதவுக் கீல், கியர் கம்பியின் குமிழ், ஸ்டீயரிங்கின் பிடி எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். "மூணு லட்சத்துக்குக் கொறையாது" என்றார். புரோக்கர் மறுத்துப் பேசவில்லை.

"அப்ப வேண்டாமாப்பா?" என்றார் மாப்பிள்ளை.

"அப்படி யாருடா சொன்னா? ஓடுன வண்டிதான ஓடும்! எப்படி ஓடுச்சுன்னு பாப்போம்."

மாமா பார்த்த ஏழு இடங்கள்

பழைய ஜீப் பார்க்கப் போகிற யாருக்கும் உதவும் என்பதால் வரிசையாகவே சொல்கிறேன்.

ஒன்று, சேஸிஸ். புதுப் பெயிண்ட் கண்ணுக்குத்தான். வண்டியின் அடியில் படுத்து, ஸ்பிரிங் பட்டைகள் மாட்டியிருக்கிற இடங்களிலும் பாடி உட்காருகிற இடங்களிலும் ஒரு ஸ்க்ரூ டிரைவரின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே போனார். நல்ல இரும்பு கணீர் என்று பேசும். துரு தின்ற இடம் சொத சொதவென்று சத்தம் தரும். பின்பக்கம் ஓரிடத்தில் தகடு வைத்து வெல்டிங் செய்திருந்தார்கள். என்ஜினை இறக்கிச் சரிசெய்துவிடலாம். சேஸிஸ் போனால் வண்டியே போன மாதிரி.

இரண்டு, புகை. ஸ்டார்ட் செய்தபோது கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து, இரண்டு நிமிஷத்தில் நின்றது. ஆறிய டீசல் என்ஜினுக்கு அது சகஜம். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே போகிறதோ என்று பார்க்க வேண்டும். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் இன்ஜெக்டரையோ ஏர் ஃபில்டரையோ கவனிக்க வேண்டும்.

மூன்று, பேக் கம்ப்ரஷன். என்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தார். அங்கிருந்து குப்குப்பென்று காற்றும் புகையும் அடித்தால் பிஸ்டன், ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இதில் லேசாகத்தான் இருந்தது. மூடியின் உட்புறம் மோர் நிறத்தில் பிசின் இருந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டும். அது இல்லை.

நான்கு, உண்மையிலேயே ஃபோர் வீலா? ஜீப் மாதிரி இருப்பதெல்லாம் ஃபோர் வீல் டிரைவ் இல்லை. ஊரில் ஓடுகிற பல மேஜர், கமாண்டர் வண்டிகள் பின் சக்கரம் மட்டும் இழுப்பவை. முன் ஆக்ஸிலிலும் பின்னால் இருப்பது போலவே ஒரு உருண்டை இருக்கிறதா, உள்ளே கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் மட்டும் போதாது. பக்கத்துக் காலி மனையில் இருந்த மணல் குவியலில் ஏற்றி, ஃபோர் வீல் போட்டு, முன் சக்கரங்கள் மண்ணைப் பறிக்கின்றனவா என்று என்னை வெளியே நின்று பார்க்கச் சொன்னார். பறித்தன. இதைத் தார் ரோட்டில் செய்து பார்க்கக் கூடாது. இந்த வகை வண்டிகளில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே வித்தியாசத்தை ஈடுகட்ட எதுவும் இல்லை. காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போட்டு வளைத்தால் கியரும் ஆக்ஸிலும் முறுக்கிக்கொள்ளும்.

ஐந்து, ஸ்டீயரிங். ரோட்டில் 50-ஐத் தாண்டியதும் முன்பக்கம் தடதடவென்று ஆடியது. கிங் பின் போயிருக்கிறது என்றார். ஸ்டீயரிங் நாலு விரல்கடை தூரம் சும்மா சுற்றியது.

ஆறு, பிரேக். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். "மலையில எறங்கும்போது பிரேக்க நம்பாத, கியர நம்பு" என்று மகனிடம் சொன்னார். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்குவது பழைய மலை டிரைவர்களின் சட்டம்.

ஏழாவதைப் பார்த்தபோதுதான் எனக்கு மனசு கலங்கியது. பின்னால் எதிரெதிராக இரண்டு பெஞ்ச். சீட் பெல்ட் கிடையாது. ஏர்பேக் என்ற பேச்சே இல்லை. "பாப்பாவ இதுல எங்க உக்கார வைப்ப?" என்று கேட்டார் மாமா. மாப்பிள்ளை பதில் சொல்லவில்லை.

காகிதங்கள்

வண்டி டிஎன் 57, திண்டுக்கல் பதிவுதான். 1996 டிசம்பரில் பதிவு செய்தது. சொந்த உபயோக வண்டிக்கு முதல் பதிவு 15 வருஷம். அதற்கப்புறம் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2011, 2016, 2021 மூன்று முறையும் புதுப்பித்திருந்தார்கள். அடுத்தது 2026 டிசம்பர். அதாவது வாங்குகிற வருஷமே வண்டியைத் தயார் செய்து ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டியாக வேண்டும். 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு 20 வருஷத்தைத் தாண்டிய கார், ஜீப் வகை வண்டிகளுக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 10,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறது. பசுமை வரி தனி.

ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் வண்டியில் அடித்திருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். பழைய ஜீப்புகளில் என்ஜின் மாற்றுவது சர்வ சாதாரணம். அதை ஆர்.சி.யில் ஏற்றாமல் விடுவதும் சாதாரணம். புதுப்பிக்கப் போகும்போது மாட்டிக்கொள்வது கடைசியாக வாங்கியவர்தான்.

வெளிமாநில வண்டி என்றால் இன்னும் கவனம் வேண்டும். டெல்லியில் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளுக்கு 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதன்பிறகு அங்கிருந்து குறைந்த விலைக்கு நிறைய டீசல் வண்டிகள் வெளியே வந்தன. விலை சல்லிசாகத் தெரியும். அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று, இங்கே மறுபடி கட்ட வேண்டிய வரி எல்லாம் சேர்ந்தால் சல்லிசு காணாமல் போகும்.

பெயர் மாற்றத்தையும் தள்ளிப் போடாதீர்கள். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி, வாங்கியவர் 30 நாளைக்குள் ஆர்.டி.ஓ.விடம் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். இன்ஷூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாள். விற்கிறவர்களுக்கும் இது முக்கியம். வண்டியைக் கைமாற்றிவிட்டாலும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சாப்பாட்டு மேஜைக் கணக்கு

வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட கையோடு தங்கையும் உட்கார, பழைய காலண்டர் தாளின் பின்னால் கணக்குப் போட்டோம்.

தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் போனில் கேட்ட உத்தேசம் இது. கிங் பின், ஸ்டீயரிங் வேலை 18,000. கிளட்ச் 12,000. ஐந்து டயர் 30,000. பிரேக் 10,000. டிங்கரிங், பெயிண்ட் 15,000. மொத்தம் 85,000 ரூபாய். இது வண்டி விலைக்கு மேல்.

"சரி, வாங்கியாச்சுன்னே வச்சுக்குவோம். மாப்ள, வருஷத்துக்கு எத்தன தடவ மலைக்குப் போவீங்க?" என்றேன்.

"நூறு தடவ."

ஒரு தடவைக்குப் போக வர தார் ரோடு 50 கிலோமீட்டர், மண் பாதை 6 கிலோமீட்டர். நூறு தடவைக்கு 5,600 கிலோமீட்டர். அதில் மண் பாதை 600 தான். மழை பெய்து சேறாகி, பைக் போகவே முடியாத நாட்கள்? யோசித்துவிட்டு, "இருபத்தஞ்சு இருக்கும்" என்றார். அப்படியானால் ஃபோர் வீல் டிரைவ் நிஜமாகவே வேலை செய்யப்போவது வருஷத்தில் 150 கிலோமீட்டர். மீதி 5,450 கிலோமீட்டரும், ஆடுகிற ஸ்டீயரிங்கோடு பழைய ஜீப் தனக்குப் பிடிக்காத தார் ரோட்டில்தான் ஓட வேண்டும். இல்லையென்றால் பைக்கே போகிற காய்ந்த பாதையில்.

லிட்டருக்கு 10 கிலோமீட்டர் என்று வைத்தால் 560 லிட்டர் டீசல், சுமார் 52,000 ரூபாய். 1,500 சி.சி.க்கு மேற்பட்ட சொந்த வண்டிகளுக்கு 2022-ல் நிர்ணயித்த மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் 7,897 ரூபாய்; ஜி.எஸ்.டி. சேர்த்தால் 9,300. இவ்வளவு பழைய வண்டிக்கு முழு இன்ஷூரன்ஸ் தரப் பல நிறுவனங்கள் தயங்கும். நகைக் கடனுக்குப் பத்து சதவீத வட்டி என்றால் 28,000. சில்லறை ரிப்பேருக்கு மாமா சொன்ன கணக்கு 25,000. கூட்டினால் வருஷத்துக்கு ஒரு லட்சத்து 14,000 ரூபாய் சொச்சம்.

ஜீப் இல்லாமல்? எழுபத்தைந்து தடவை பைக்குக்கு பெட்ரோல் 8,500. மழை நாள் இருபத்தைந்துக்கு மலைக்கிராமம் வரை பஸ், அங்கிருந்து வாடகை ஜீப் ஆயிரம் ரூபாய் என்று வைத்தால் 27,500. மொத்தம் 36,000.

"விளைச்சல எறக்கணும்ல மச்சான்?" என்றார் மாப்பிள்ளை.

"அதத்தான் குதிரை எறக்குதே" என்றாள் தங்கை. சிறுமலையில் ஜீப் நுழையாத தோட்டங்களிலிருந்து எலுமிச்சை மூட்டையையும் பலாப்பழத்தையும் இன்றைக்கும் குதிரைகள்தான் சுமந்து ரோட்டுக்குக் கொண்டு வருகின்றன. இவர்கள் தோட்டத்திலும் மரங்கள் இருக்கிற சரிவில் ஜீப் போகாது.

கணக்கு முடிந்துவிட்டது. மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தால் முடிந்த மாதிரி தெரியவில்லை. கொஞ்ச நேரம் காலண்டர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கணக்கு எனக்கும் தெரியும் மச்சான். அப்பா தோட்டத்தப் பார்த்து ரெண்டரை வருஷமாச்சு. முழங்கால் ஆபரேஷனுக்கப்புறம் பைக்ல உக்கார முடியல. கார் அந்தப் பாதையில ஏறாது. அவர் வச்ச பலா இந்த வருஷம் மொத மொதலாக் காய்ச்சிருக்கு. அத அவர் பாக்க வேணாமா?"

இதைத் தங்கையிடமும் அவர் சொல்லியிருக்கவில்லை. அவள் சட்டென்று எழுந்து உள்ளே போய், வளையல்களைக் கழற்றிக்கொண்டு வந்து மேஜையில் வைத்துவிட்டாள்.

மாமாதான் பேசினார். "ஏம்மா, அத எடுத்துக் கையில போடு. டேய், உனக்கு வேணும்னா வாங்கு, நான் தடுக்கல. எனக்காகன்னு சொல்லி வாங்காத. நான் வருஷத்துக்கு நாலு தடவ போனா அதிகம். நாலு தடவைக்கு ஒரு யானையக் கட்டித் தீனி போடணுமா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மலைக்கிராமம் வரை காரில் போய், அங்கே ஒரு வாடகை ஜீப் பிடித்தோம். மஞ்சள் போர்டா என்று பார்த்துத்தான் ஏறினோம். வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டினால், விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் கை கொடுப்பது சந்தேகம். மாமா முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, டிரைவருக்கு வழி நெடுகக் கியர் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் பையன் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டான். பலா மரத்தடியில் நாற்காலி போட்டுக் கொடுத்தோம். எத்தனை காய் என்று அவரே மூன்று முறை எண்ணினார். மூன்று முறையும் வேறு வேறு எண்ணிக்கை வந்தது.

உங்களுக்கும் ஆசை இருந்தால்

பழைய ஜீப்பே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மலையிலேயே குடியிருந்து தினமும் சேற்றில் இறங்கி ஏற வேண்டியவருக்கு, அது தவிர வேறு வழியில்லை. புதிய ஃபோர் வீல் டிரைவ் வண்டி பத்து லட்சத்துக்கு மேல் போகிற இந்தக் காலத்தில், நல்ல சேஸிஸும் சரியான காகிதமும் உள்ள பழைய வண்டி அவருக்கு வரம்தான். கூப்பிடு தூரத்தில் அந்த என்ஜின் தெரிந்த மெக்கானிக் இருக்க வேண்டும். வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்காவது வேலைக்கென்று தனியாகக் கையில் இருக்க வேண்டும். குடும்பம் ஊருக்குப் போக வேறொரு வண்டி இருக்க வேண்டும். நகையை வைத்துத்தான் வாங்க வேண்டும் என்றால் ஒரு வருஷம் பொறுங்கள். பழைய ஜீப்புகள் எங்கேயும் ஓடிப் போய்விடாது.

பார்க்கப் போகும்போது எவ்வளவு ஓடியிருக்கிறது என்று விற்கிறவரிடம் கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அவருக்கே தெரியாது. இனி எவ்வளவு ஓட்டப்போகிறோம், எந்த ரோட்டில், யாரை உட்கார வைத்து என்று உங்களையே கேளுங்கள். அந்தப் பதிலைக் காலண்டர் தாளில் எழுதி, வீட்டில் எல்லோரும் இருக்கும்போது வாய்விட்டுப் படியுங்கள்.

மாப்பிள்ளை இன்னமும் ராத்திரி செல்போனில் ஜீப் போட்டோ பார்க்கிறாராம். தங்கை சொன்னாள். கடையைப் பாப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு மலையிலேயே போய் உட்காருகிற காலம் வந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று உத்தரவு கொடுத்திருக்கிறாளாம்.

"அப்ப நானும் முன் சீட்டுதான்" என்றாராம் மாமா.